குரலின் மேல் வைத்த பூ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மளிகைச் சீட்டு எழுதியிருக்கிறேன், ரேஷன் கடையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அடுத்த வரியில் என்ன சொல்ல நினைத்தேன் என்பது மறந்துபோகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரத்தில் அந்தக் கண்காட்சி வைத்தவர்கள், அதற்குக் குரல் பதிவு கொடுத்த வீடுகளெல்லாம் ஆளுக்கு நாலு பக்கம் எழுதித் தந்தால் ஒரு சின்னப் புத்தகமாகப் போடுவோம் என்று கேட்டார்கள். என் மருமகள் கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கிவந்து என் மடியில் வைத்தாள்.

"நீங்க பேசுற மாதிரியே எழுதுங்க அத்த. நான் பாத்து டைப் பண்ணிக்கிறேன்."

பேசுவதே எனக்குக் கஷ்டம். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் கட்டிக்கொள்ளும். தண்ணீர் வேண்டுமென்று கேட்பதற்குக்கூட யாராவது என்னைப் பார்க்கிற வரைக்கும் காத்திருப்பேன். எழுதும்போது எதிரில் முகம் இல்லை. அந்த ஒரு தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் கடலூரில் புதுப்பாளையத்தில் இருக்கிறோம். மகன் லோடு வண்டி ஓட்டுகிறான். மருமகள் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள், சாதிச் சான்று, வருமானச் சான்றெல்லாம் பதிவு செய்கிற வேலை. எனக்கு மகள் ஒருத்தி இருந்தாள். மகனுக்கு மூத்தவள். சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற இடத்தில் ஒன்பது வருஷம் இருந்தாள். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். வரன் வந்தது, போனது. அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை, யாரும் வேண்டுமென்றும் சொல்லவில்லை. அப்படியே முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. அதற்குள் கிட்னி கெட்டுப்போனது. அவள் போய் நாலு வருஷம் ஆகிறது.

அவள் வாங்கிக் கொடுத்த பட்டன் போன் ஒன்று என்னிடம் இருந்தது. அது அடித்தால் எடுக்க எனக்குப் பயம். யாராக இருக்கும், என்ன கேட்பார்கள், என்ன சொல்வது என்று அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். நின்றுபோன பிறகுதான் மூச்சு வரும். சாயங்காலம் வந்து சத்தம் போடுவாள்.

"ஏம்மா, போன் என்னா பாம்பா? கடிச்சிடுமா?"

"யாருன்னு தெரியலியே."

"அதான் பேரு வருதே அதுல!"

"கண்ணாடியத் தேடி மாட்டறதுக்குள்ள நின்னுபோவுது. ஓடி வந்தா வாசப்படி தடுக்குது."

"நல்லா சொன்ன போ. ஒனக்கு ஒரு போனு, அதுக்கு ஒரு கண்ணாடி, அதுக்கு ஒரு ஆளு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே அதற்கு ஒரு வழி பண்ணினாள். அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்துகொண்டு போனை வாய்க்கு நேராகப் பிடித்துப் பேசினாள். "எம்மா, நான்தான். வேற யாருமில்ல. ஓடி வராத, நெதானமா வா. நான் கட் பண்ண மாட்டேன்." பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் தம்பி ஏதோ கிண்டல் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்புப் பாதியில் இருக்கும்போதே பதிவு நின்றுபோனது. திருப்பிப் பேசுகிறேன் என்றாள், பிறகு இருக்கட்டும் என்று அதையே விட்டுவிட்டாள். அவள் கூப்பிட்டால் மட்டும் மணிக்குப் பதிலாக அந்தக் குரல் வரும்படி வைத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. தினமும் சாயங்காலம் பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது கூப்பிடுவாள். போன் அவள் குரலில் என்னைக் கூப்பிடும். அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் போவேன். எத்தனை நேரமானாலும் அவள் கட் பண்ண மாட்டாள். போய் எடுத்தால், "மாவு இருக்குதா? தோச சுடு, வந்துடறேன்" என்பாள். பேச்சு அவ்வளவுதான் இருக்கும்.

அவள் போன பிறகு அந்த நம்பரிலிருந்து கூப்பிட யார் இருக்கிறார்கள். போன் அந்தக் குரலில் அடிப்பது நின்றுவிட்டது. எந்தப் பொத்தானை அழுத்தி, எத்தனை தடவை கீழே போனால் அதைக் கேட்கலாம் என்று மருமகள் எனக்குக் காட்டிக் கொடுத்தாள். காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன். அமாவாசைக்கு ஒரு தடவை கேட்பேன். ஒரே தடவை. அதற்கு மேல் போட மாட்டேன்.

எங்கள் வீட்டில் முன்பு ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. என் வீட்டுக்காரர் ஒரே கேசட்டைத் திரும்பத் திரும்பப் போடுவார். கடைசியில் அது கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இழுத்து இழுத்துப் பாடியது. கேட்கக் கேட்கத் தேயும் என்று அப்போதே எனக்கு மனதில் பதிந்துவிட்டது. மருமகளிடம் சொன்னபோது சிரித்தாள்.

"அது டேப்பு அத்த. இது தேயாது. ஆயிரம் தடவ போட்டாலும் அப்படியேதான் இருக்கும்."

சரி என்று தலையை ஆட்டினேன். ஆனாலும் அமாவாசைக்கு ஒரு தடவை என்பதை நான் மாற்றவில்லை.

குரல் தேயாவிட்டாலும் போன் தேய்ந்துகொண்டிருந்தது. பேட்டரி உப்பிப் பின்மூடி நிற்காமல் போனது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தேன். கடைக்காரர் இந்தப் பேட்டரியெல்லாம் இப்போது வருவதில்லை என்று சொல்லிவிட்டார். மருமகள் அந்தக் குரலை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று ஒயரைச் சொருகிப் பார்த்தாள், மெமரி கார்டு போட்டுப் பார்த்தாள், ஒன்றுக்கும் அது மசியவில்லை. போன் போனால் குரலும் போய்விடும். மகளின் போட்டோ இருக்கிறது, புடவைகள் இருக்கின்றன, கடையில் கொடுத்த அடையாள அட்டைகூட இருக்கிறது. அவள் வாய்திறந்து பேசுவது இது ஒன்றுதான். இதுவும் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற கவலை சோறு திங்கும்போதும் கூடவே உட்கார்ந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மருமகள் ஒரு நாள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

"அத்த, சிதம்பரத்துல ஒரு கேலரில டிஜிட்டல் ஆர்ட்டுன்னு ஒண்ணு வெக்கிறாங்களாம். வீட்டுல இருக்குற குரலு எதுனா இருந்தா அனுப்பச் சொல்லியிருக்காங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தி வெளிச்சமா காட்டுவாங்களாம். நாம அண்ணி குரல அனுப்பலாமா?"

"குரல எப்பிடி வெளிச்சமா காட்டுவாங்க?"

"அது அவுங்களுக்குத்தான் தெரியும். கலை அத்த."

"அங்க இருந்தா அது போவாதா?"

"எங்க போவும்? அவுங்க கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சின்னா எப்பவும் இருக்கும்."

அவள் சொன்னதில் எப்பவும் இருக்கும் என்ற ஒன்றைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். சரி என்றேன். அப்போதுதான் அவளுக்கு ஒரு வழி தோன்றி, என் போனையும் அவள் போனையும் மூக்கோடு மூக்காக வைத்துப் பதிவு பண்ணினாள். முதல் தடவை பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் உள்ளே வந்துவிட்டது. இரண்டாம் தடவை தெருவில் வண்டி போனது. மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது. ஒரே நாளில் மூன்று தடவை. நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

கண்காட்சி என்றால் எப்படி இருக்கும் என்று நானாக ஒன்றை நினைத்து வைத்திருந்தேன். சுவரில் வரிசையாகப் போட்டோ மாதிரி ஏதோ மாட்டியிருக்கும், அதற்குக் கீழே குரல் கேட்கும், ஒவ்வொருவராக வந்து நின்று கேட்டுவிட்டுப் போவார்கள் என்று. அதனால் வெள்ளிக்கிழமை பார்த்துப் போகலாம் என்றேன். கடலூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் இரண்டு முழம் பூ வாங்கினேன், முல்லையும் கனகாம்பரமும் சேர்த்துக் கட்டியது. வாழையிலையில் சுற்றிக் கொடுத்தார்கள்.

பூ எதற்கு என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமலே செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று வைத்துக் கும்பிடுவோம். அவளுக்கென்று கோயில் இல்லை. வீட்டில் தரையைத் துடைத்து அந்த இடத்தில் பூவை வைத்துக் கூப்பிட்டால் வருவாள் என்பார்கள். வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால் முதல் பூ அவளுக்குத்தான். என் மகளுக்கும் நான் வெள்ளிக்கிழமைகளில் அப்படி வைக்கிறதுதான். வெறுங்கையோடு அவளைப் பார்க்கப் போக எனக்கு மனசு வரவில்லை.

பஸ்ஸில் மருமகள் எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தாள். என் மகள் ஒன்பது வருஷம் போய்வந்த வழி அது. அவள் இருந்தவரை ஒரு நாளும் அவள் வேலை செய்த கடையை நான் போய்ப் பார்க்கவில்லை. வா வா என்று கூப்பிட்டாள்தான். அந்தப் பெரிய கடையில் ஏசிக்குள் நான் எங்கே நிற்பது என்று கூச்சம். புதுச்சத்திரம் வந்தபோது கை தானாக இடுப்புக்குப் போனது. போன் அங்கே இல்லை, பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தேன்.

"என்னா அத்த, வவுத்த வலிக்குதா?"

"ஒண்ணுமில்லம்மா."

வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் மருமகள் தூங்கிவிட்டாள். அவள் தலை என் தோளில் விழுந்தது. நான் அசையாமல் இருந்தேன்.

கேலரி என்பது தெற்கு வீதியிலிருந்து உள்ளே போகிற சந்தில், முன்பு பாத்திரக் குடோனாக இருந்த இடமாம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கோயில் மாதிரி இருக்கிறதே என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆனால் அடுத்ததாக வெள்ளை சாக்ஸ் ஒரு ஜோடி கொடுத்தார்கள். தரை அழுக்காகக் கூடாதாம். என் வயதுக்கு நான் சாக்ஸ் போட்டதில்லை. எந்தப் பக்கம் குதிகால் என்று தெரியவில்லை. மருமகள் குனிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"காலக் குடுங்க அத்த."

"அய்யய்யோ, நீ ஏம்மா காலத் தொட்டுகிட்டு. இரு, நானே மாட்டறேன்."

"நீங்க மாட்டறதுக்குள்ள கண்காட்சி முடிஞ்சிடும். குடுங்க."

நாலு பேர் பார்க்க அவள் மாட்டிவிட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

முதல் அறையில் சுவர் முழுக்கத் தண்ணீர் ஓடியது. ஓடுவது மாதிரி தெரிந்தது. கையை நீட்டினால் மீன் கூட்டம் கைப் பக்கம் வந்தது. பிள்ளைகள் குதித்துக் குதித்து மீனை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மருமகளும் இரண்டு கையையும் விரித்தாள், ஒரு கூடை மீன் வந்தது. என்னையும் முன்னால் தள்ளினாள். சீலைக்குள்ளிருந்து ஒரு விரலை மட்டும் நீட்டினேன். ஒரே ஒரு மீன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"ஒங்களுக்குப் பயந்துகினு போவுது பாருங்க" என்று மருமகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்தது அங்கேதான்.

இரண்டாவது அறை இருட்டாக இருந்தது. சுவரில் ஒன்றுமே இல்லை. எல்லாம் தரையில். தாம்பாளம் அகலத்துக்கு வட்ட வட்டமாக வெளிச்சம், ஒரு நாற்பது இருக்கும். ஒவ்வொரு வட்டமும் ஒரு குரல். உள்ளே கால் வைத்தால் வெளிச்சம் இதழ் இதழாக விரிந்து குரல் பேசும். காலை எடுத்தால் நின்றுவிடும். ஒரு வட்டத்தில் ஒரு குழந்தை ஒன்று இரண்டு எண்ணியது, ஏழை விட்டுவிட்டு எட்டுக்குப் போனது. ஒன்றில் ஒரு பெரியவர் மாட்டை அதட்டினார். ஒன்றில் யாரோ மீன் விற்றார்கள். ஜனங்கள் பாண்டி ஆடுகிற மாதிரி வட்டத்துக்கு வட்டம் தாவிக்கொண்டிருந்தார்கள்.

நான் நினைத்து வந்தது எதுவும் அங்கே இல்லை என்று எனக்குப் புரிவதற்கு முன்பே அவள் குரல் கேட்டுவிட்டது.

"எம்மா, நான்தான்."

காலேஜ் பையன்கள் நாலைந்து பேர் ஒரு வட்டத்தைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் அதற்குள் நின்றுகொண்டிருந்தான். குரல் அவள்தான். ஆனால் காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் கத்துகிற மாதிரி பெரிதாக, சுற்றிச் சுற்றி வந்தது. அடியில் தம்பூரா மாதிரி ஒன்றை வேறு ஓடவிட்டிருந்தார்கள்.

"வேற யாருமில்ல. ஓடி வராத, நெதானமா வா. நான் கட் பண்ண மாட்டேன்."

"டேய் மச்சான், கட் பண்ண மாட்டாங்களாம்டா! ஒன் ஆளு பத்து செகண்டுல கட் பண்ணிடுது, இவுங்களப் பாரு!"

"மூடுறா. எங்கம்மாக்கு இத ரிங்டோனா வெக்கணும்டா, அதுவும் இப்பிடித்தான் ஓடி வந்து வுழும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பும் அதோடு சேர்ந்து வந்து பாதியில் நின்றது. இன்னொருவன் காலை வைத்து வைத்து எடுத்தான். எம்மா, எம்மா, எம்மா, எம்மா என்று அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

மருமகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அத்த, கேட்டுச்சா? நம்ம அண்ணி! எல்லாரும் எப்பிடி கேக்குறாங்க பாருங்க." அவள் கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில். அதை இங்கே எழுதியாக வேண்டும். அவள் நல்லதுக்குத்தான் செய்தாள். அந்தப் பையன்கள் மேலும் எனக்குக் கோபம் இல்லை. என் மகள் உயிரோடு இருந்து அந்தக் கிண்டலைக் கேட்டிருந்தால் திருப்பி ஒன்று கொடுத்திருப்பாள்.

ஆனால் அவர்கள் கால் அவள் மேல் இருந்தது. தெரியாமல் ஒருவர் மேல் கால் பட்டுவிட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அங்கே யாரும் ஒற்றிக்கொள்ளவில்லை. அது ஒரு ஆள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்.

பையன்கள் மீன்காரக் குரலுக்குத் தாவியதும் நான் அந்த வட்டத்துக்குப் போனேன். ஓரத்தில் நின்றேன். வெளிச்சம் சும்மா இருந்தது. என் காலை எடுத்து அதற்குள் வைக்க முடியவில்லை.

"உள்ள காலு வெய்யுங்க அத்த. அப்பத்தான் பேசும்."

"வேணாம்மா."

"வெறும் வெளிச்சம்தான் அத்த அது."

"இருக்கட்டும்மா, இப்பிடியே நிக்கிறேன்."

வந்தவர் போனவர் எல்லோரிடமும் பேசியது. ஓரத்தில் நின்றதால் என்னிடம் பேசவில்லை. அந்த நேரத்தில் மருமகளுக்கு வேலை இடத்திலிருந்து போன் வந்தது. உள்ளே சத்தமாக இருக்கிறது என்று வாசல் பக்கம் போனாள்.

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். இலையைப் பிரித்தேன். வீட்டில் வைக்கிற மாதிரி அந்த வெளிச்சத்துக்கு நடுவில் பூவைச் சுருட்டி வைத்தேன். தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அது பேசியது.

முதலிலிருந்து கடைசி வரைக்கும், யாரும் காலை எடுத்துக் குறுக்காமல், முழுசாகப் பேசியது. நான் எழுந்து நிற்பதற்குள் திரும்பவும் தொடங்கியது. மறைக்காமல் சொல்கிறேன், முதல் இரண்டு மூன்று தடவை அவள் பூவை வாங்கிக்கொண்டு எனக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். நான்காம் தடவையும் அதே இடத்தில் சிரிப்பு அறுந்தது. ஐந்தாம் தடவையும். அது நிற்கவே இல்லை. பத்துத் தடவைக்கு மேல் நான் எண்ணவில்லை. அமாவாசைக்கு ஒன்றாக வைத்துக் கேட்டிருந்தால் வருஷக்கணக்கில் வந்திருக்கும். வார்த்தைகள் எல்லாம் போய் வெறும் ஓசை மாதிரி ஆகிவிட்டது, மில்லில் மாவு அரைக்கிற சத்தம் மாதிரி.

சுற்றி ஆட்கள் கூடினார்கள்.

"மாட்டிகிச்சு போல."

"எவனோ நிக்கிறான்னு பாத்தா பூ கெடக்குது."

பிள்ளையோடு வந்த ஒரு அம்மா பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். "அத தாண்டாத பாப்பா, இங்க வா. வெள்ளிக்கெழம அதுவுமா யாரோ திருஷ்டி கழிச்சிப் பூவப் போட்டுட்டுப் போயிருக்காங்க. காலம் கெட்டுக் கெடக்குது."

அதைக் கேட்டதும் கூட்டம் இரண்டடி பின்னால் போனது. நானும் அவர்களோடு பின்னால் போய்ச் சுவரில் ஒட்டி நின்றேன். வெறும் இலை என் கையில் இருந்தது.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் வேகமாக வந்தாள். அவள்தான் இதையெல்லாம் செய்தவள் என்று பிறகு தெரிந்தது. "யாருங்க இங்க பூ வெச்சது?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அவள் இன்னொரு தடவை கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன்.

அவளோடு வந்தவர் மேலே கையைக் காட்டினார். "கேமராவுக்கு அது பூவா ஆளான்னு தெரியாதுங்க. வட்டத்துக்குள்ள எது இருந்தாலும் ஆளு நிக்குதுன்னு எடுத்துக்கும். அத எடுக்குற வரைக்கும் ஓடிகிட்டேதான் இருக்கும்."

"அப்ப அள்ளுங்க அத."

"நானா? நீங்களே அள்ளுங்க."

"ஏன், பயமா?"

"பயம்லாம் இல்ல. கழிச்ச பூவத் தொடாதன்னு எங்கம்மா சொல்லியிருக்கு."

"நல்லா இருக்குதுங்க நீங்க கம்ப்யூட்டர் படிச்ச லட்சணம்!"

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதும் தரை சொல்லிக்கொண்டே இருந்தது, நான் கட் பண்ண மாட்டேன், நான் கட் பண்ண மாட்டேன் என்று. கூட்டத்தில் ஒருவர், "இப்ப நீங்கதான் சார் கட் பண்ணணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கேமராவைக் காட்டியவர் போய்க் கம்ப்யூட்டரையே நிறுத்தினார். ஓடி வரா என்ற இடத்தில் குரல் அறுந்தது. எல்லா வட்டமும் அணைந்தது. டியூப் லைட்டைப் போட்டார்கள். சிமெண்டுத் தரை, மூலையில் ஒயர்ச் சுருள், மேலே இரும்புக் கம்பி. நடுவில் என் பூ கிடந்தது. அவர் துடைப்பத்தால் முறத்தில் தள்ளி, வாசலில் டீக் கப்புகள் போடுகிற டப்பாவில் கொட்டினார்.

மருமகள் அப்போதுதான் உள்ளே வந்தாள். டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த வாழையிலையைப் பார்த்தாள். இலையை என் விரல்களிலிருந்து எடுத்து மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"சொல்லட்டுமா அவுங்ககிட்ட?" என்று காதோடு கேட்டாள்.

"வேணாம்மா. மானம் போவும்."

நாங்கள் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் எங்களிடம் வந்தாள். நாங்கள் குரல் கொடுத்தவர்கள் என்று பதிவேட்டில் பார்த்திருக்கிறாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் அந்தம்மாவா? ஒங்க பொண்ணு குரலுதாம்மா இங்க எல்லாருக்கும் புடிச்சிருக்கு. ஜாஸ்தி பேரு அதுலதான் வந்து நிக்கிறாங்க. இங்க முடிஞ்சதும் வேற ஊருங்களுக்கும் கொண்டு போறோம். பத்திரமா வெச்சிருப்போம், கவலப்படாதீங்க."

நல்ல பெண். உள்ளங்கை சில்லென்று இருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

அந்தப் பெண் இந்தப் புத்தகத்தைப் போடுகிறவர்களில் ஒருத்தி. அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். பூ வைத்தது நான்தானம்மா. அது கழித்த பூ இல்லை. யாருக்கும் கெடுதல் நினைத்து வைத்ததில்லை. அள்ளியவருக்கும் ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம் என்று அவரிடம் சொல்லு. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். இரண்டு பேரும் நின்றுகொண்டே பரங்கிப்பேட்டை பிரிகிற இடம் வரைக்கும் வந்தோம். உட்கார இடம் கிடைத்ததும் மருமகள் கேட்டாள்.

"கோவமா அத்த?"

"இல்லம்மா."

"போனு போயிடுச்சின்னா என்னா பண்றதுன்னுதான் அத்த…"

"தெரியும்மா. நல்லதுதான் பண்ண."

கோபம் இல்லை என்றது பொய் இல்லை. எனக்கு வேறொன்று ஆகியிருந்தது. அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சாயங்காலம் அடுப்படியில் நிற்கும்போது அவள் குரலை நினைத்துக்கொள்வது என் வழக்கம். போனில் கேட்பதல்ல, சும்மா மனதில். நினைத்தேன். தொட்டிக்குள்ளிருந்து கத்துகிற குரல் வந்தது, அடியில் தம்பூராவோடு. அதைத் தள்ளிவிட்டுத் திரும்பவும் நினைத்தேன். அதுவேதான் வந்தது. மாவு கேட்டது, போன் என்ன பாம்பா என்று என்னைத் திட்டியது, சிறுவயதில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கத்தியது, எல்லாமே இப்போது அந்தத் தரைக் குரலில்தான் வருகிறது. மற்றதெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை.

அமாவாசை வந்தது. பீரோவைத் திறந்து போனை எடுத்தேன். ரப்பர் பேண்டைக் கழற்றிச் சார்ஜ் போட்டேன். உயிர் வந்தது. அட்டையைப் பார்த்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக் கீழே போனேன். கடைசிப் பொத்தான்தான் பாக்கி. கட்டை விரல் அதன் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

அழுத்தி, போனிலும் அந்தத் தரைக் குரலாகவே என் காதில் விழுந்துவிட்டால் அப்புறம் எனக்கு எதுவும் இல்லை. அழுத்தாமல் இருந்தால், உள்ளே அவள் அவளாகவே இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளலாம். ரப்பர் பேண்டைப் போட்டுப் பழையபடி உள்ளே வைத்தேன். அதற்குப் பிறகு இன்னும் ஒரு அமாவாசையும் போய்விட்டது. பேட்டரி இன்னும் கொஞ்சம் உப்பியிருக்கிறது. அங்கே பத்திரமாக இருக்கிறது, போன் போனாலும் கவலையில்லை என்று மருமகள் சொல்கிறாள். உண்மைதான். போகாமல் இருக்க வேண்டுமென்று கேட்டேன், போகாமல்தான் இருக்கிறது. இப்போது எந்த ஊரில் யார் காலடியில் பேசிக்கொண்டிருக்கிறதோ.

இனி எழுத ஒன்றுமில்லை. டைப் பண்ணப் போகிற என் மருமகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நான் இதில் எழுதியிருப்பது சரிதானா என்று நீ பார்க்க வேண்டும். அந்தக் கேலரி தெற்கு வீதிப் பக்கமா, மேல வீதிப் பக்கமா, எனக்குக் குழப்பமாக இருக்கிறது. வட்டம் நாற்பதுதானா என்பதையும் கேட்டுக்கொள். அண்ணி வேலை செய்தது ஒன்பது வருஷமா பத்தா, உன் வீட்டுக்காரனைக் கேள்.

அப்புறம் அவள் பேசியது. அதை நான் ஞாபகத்திலிருந்துதான் எழுதியிருக்கிறேன். வேற யாருமில்ல என்பது முன்னால் வருமா, ஓடி வராத என்பது முன்னால் வருமா என்று எழுதும்போதே சந்தேகமாக இருந்தது. எம்மா என்று ஒரு தடவைதான் கூப்பிட்டாளா, அந்தப் பையன்கள் காலை வைத்து வைத்து எடுத்ததில் எனக்கு அதுவும் கலைந்துவிட்டது. நான் திருவந்திபுரம் கோயிலுக்குப் போகிற அன்றைக்கு, வீட்டில் யாரும் இல்லாதபோது, பீரோவிலிருந்து போனை எடு. சத்தத்தைக் குறைத்துக் காதோடு வைத்து ஒரே ஒரு தடவை கேள். எங்கேயாவது தப்பாக எழுதியிருந்தால் நீயே திருத்திப் போட்டுவிடு. என்னிடம் படித்துக் காட்ட வேண்டாம்.